155 அடி உயரக்கோடு எங்கும் போய்விடவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் நடுப்பக்கத்தில் முல்லைப் பெரியாறு அணை தேக்கும் பெரியாறு ஏரியின் பழைய டோப்போஷீட்டை (நில அளவைத் துறையின் நிலத்தோற்ற வரைபடத் தாளை) போட்டு, 'குத்தகையில் சொன்ன 155 அடி உயரக்கோடு (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) காணோம். அழித்துவிட்டார்களா?' என்று கேட்டிருந்தீர்கள். தேக்கடி மலையில் கடல் மட்டத்திலிருந்து 155 அடிக் கோட்டைத் தேடினால் எப்படி ஐயா கிடைக்கும்? ஏரியே 2,800 அடிக்கு மேல் இருக்கிறது. அணைக்காகத் திருவிதாங்கூர் சென்னை மாகாணத்துக்கு நிலம் கொடுத்த 1886 குத்தகை சொல்லும் 155 அடி, அணை இடத்தில் ஆற்றுப் படுகையின் மிக ஆழமான புள்ளியிலிருந்து எண்ணுவது. உச்ச நீதிமன்றம் 2014-இல் அனுமதித்த 142 அடி நீர்மட்டமும் அணையின் அளவுகோல் கணக்கே. டோப்போஷீட்டின் பழுப்புக் கோடுகள் கடல் மட்டக் கணக்கு. 'டேம்ல எத்தனை அடி' என்று தினம் விசாரிக்கும் கம்பம் விவசாயிக்குத் தெரிந்தது, தங்களுக்கா தெரியாது!

அந்த 155 அடி எல்லை குத்தகையோடு இணைத்த தனி வரைபடத்தில் இருக்கிறது. சுமார் 8,000 ஏக்கருக்கு நீலம் பூசியிருப்பார்கள். அது நில எல்லை, தண்ணீர் அல்ல. அப்போது அணையே கிடையாது. அணை முடிந்த 1895-க்குப் பிறகு அளந்த தாள்களில்தான் நீலம் தண்ணீர். அவற்றில் உயரக்கோடுகள் கரையோடு நின்றுவிடும். மூழ்கிய பள்ளத்தாக்கின் ஆழத்தை அதில் படிக்க முடியாது. தங்கள் கட்டுரையாளர் எப்படியோ படித்துவிட்டார்.

வரைபடம் போடும்போதெல்லாம் இதே கதைதான். அணை இருக்கும் 58 ஜி/2 என்ற எண்ணுள்ள டோப்போஷீட் தாளின் நீளமும் அகலமும் சுமார் 17 அங்குலம். அதை 7 அங்குலத்துக்குச் சுருக்கிவிட்டு, 'ஓர் அங்குலம் ஒரு மைல்' என்று அப்படியே அச்சிடுகிறீர்கள். உங்கள் பக்கத்தில் ஓர் அங்குலம் ஏறக்குறைய இரண்டரை மைல். கோட்டு அளவை (தூரத்தைக் கோடாக வரைந்து காட்டும் அளவு) இருந்தால் அதுவும் கூடவே சுருங்கியிருக்கும், குழப்பம் வராது. ஓரத்தோடு அதையும், அளந்த ஆண்டையும், பதிப்பையும் வெட்டி எறிந்தாயிற்று. போதாததற்குப் பழமை தெரிய எல்லாவற்றுக்கும் பழுப்புச் சாயம்! ஓடை எது, உயரக்கோடு எது என்று இனி யார் பிரிப்பது? தெற்கே அடுத்த தாளான 58 ஜி/3-ஐ இதோடு ஒட்டியதில் பெரியாறே ஓரிடத்தில் அறுந்து விலகி ஓடுகிறது.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். இனிமேல் ஓரத்தை வெட்டாமல், நிறம் மாற்றாமல் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
கம்பம் வாசகர்