பலகையைத் தட்டிப் பார்த்தவர்களுக்கு

எங்கள் பட்டறையில் தஞ்சாவூர் ஓவியம் பழகும் இளம் ஓவியரின் படங்களை நின்று பார்த்து, குறையைக் குறையென்றே சொன்ன ஊர்க்காரர்கள் அனைவருக்கும் வணக்கம்.

முதல் நன்றி தச்சு வேலை செய்யும் பெரியவருக்கு. வெண்ணெய்க் கிருஷ்ணனை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. பலகையைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்த்தார். "ஒன்றரை அடிக்கு மேலே போனா 6 மி.மீ. பிளைவுட் வளையும்மா, 12 போடு. பின்னாடியும் ஒரு கை வார்னிஷ் அடி" என்றார். முன்பக்கம் மட்டும் துணியும் பூச்சும் காய்ந்து இழுப்பதால்தான் பலகை வில்லாக வளைகிறது.

விரல் முட்டியால் பலகை முழுக்கத் தட்டிப் பார்த்த மூத்த ஓவியர் ஐயாவுக்குப் பெரிய கடன்பட்டிருக்கிறோம். பொத்தென்று ஒலித்த இடமெல்லாம் துணி ஒட்டாத இடம். காடாத்துணியைக் கஞ்சி போக அலசிக் காயவைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் அழுத்தி ஒட்ட வேண்டும் என்று செய்தே காட்டினார். படத்தில் மேடு எழுப்பப் பூசும் பசையான மக்கு விரிசல் விட்டதற்கும் காரணம் சொன்னார்: இரண்டு பங்கு சாக் பவுடருக்கு ஒரு பங்கு ஃபெவிகால் என்பதுதான் அளவு. தண்ணீர் கூடினால் காயும்போது சுருங்கி வெடிக்கும். பவுடர் கூடினால் உதிரும். திண்டு போன்ற மேடான இடங்களை ஒரே தடவையில் ஏற்றினால் மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். ஆகவே இரண்டு மூன்று தடவையாக ஏற்றி, ஒவ்வொன்றையும் நிழலில் காயவிட வேண்டும். அவசரத்துக்கு வெயிலில் வைப்பவர்கள் உப்புத்தாள் போடும்போது அழுவார்கள்.

தங்கத்தாள் விஷயத்தில் கைகொடுத்தவர் நகைப் பட்டறைத் தம்பி. கோந்து தடவிய உடனே தாளை வைக்காமல், விரலில் பிசுக்கென்று ஒட்டும் பதம் வரும்வரை பொறுக்கச் சொன்னார். ஈரத்தில் வைத்தால் தாள் நகர்ந்து சுருக்கம் விழும். படத்தில் பதித்த கல்லைச் சுற்றித் தாளை வெட்டும் பிளேடு மழுங்கியிருந்தால் தாள் கிழிந்து மக்கு வெள்ளையாகத் தெரியும் என்பதும் அவர் சொன்னதுதான். போலித் தாள் நாளடைவில் கறுக்கும் என்று அவர் எச்சரித்த பிறகு, 22 காரட் தாளா இல்லையா என்பதைப் படத்தின் பின்னால் எழுதியே கொடுக்கிறார் எங்கள் ஓவியர். 2007-08இல் புவிசார் குறியீடு பெற்ற கலை. வாங்குகிறவர் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி விடக் கூடாது.

"சாமி எங்கேயோ பார்க்குதே" என்ற பூக்கார அக்காவுக்குத் தனி நன்றி. கருவிழி ஒரு நூல் அளவு விலகியிருந்தது. பூஜையறையில் கீழே உட்கார்ந்து நிமிர்ந்துதானே பார்ப்போம். அந்த உயரத்திலிருந்து பார்த்தபோது அது பளிச்சென்று தெரிந்தது. இப்போது கண்ணைக் கடைசியில் திறக்கும்போது படத்தை உயர்த்தி மாட்டிவிட்டுத்தான் தூரிகையைத் தொடுகிறார்.

"சூப்பர்" என்று சொல்லிப் போனவர்களுக்கும் நன்றி. ஆனால் தயங்கித் தயங்கிப் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்த எங்கள் ஓவியரை, "தட்டிப் பாருங்க ஐயா" என்று தானே பலகையை நீட்டவைத்தது மேலே சொன்னவர்களின் பேச்சுதான்.

அடுத்து ராமர் பட்டாபிஷேகம், 2 அடிக்கு 3 அடி. மக்கு வேலை முடிந்து, தாள் ஒட்டும் முன் வந்து பாருங்கள். கண்ணாடிச் சட்டம் போட்டபின் சொன்னால் திருத்த வழியில்லை.