காய்ச்சலோடு பள்ளிக்கு அனுப்ப வேண்டாம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். மழை பிடித்ததிலிருந்து எல்லா வகுப்பிலும் இருமல் சத்தம்தான். போன வாரம் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் உடம்பு அனலாகக் கொதிக்க, கடைசி பெஞ்சில் சுருண்டு உட்கார்ந்திருந்தான். ஏன்ப்பா வந்தாய் என்று கேட்டால், "முழு வருகைப் பரிசு போயிடும் சார்" என்றான். காய்ச்சலோடு வரவைக்கும் பரிசை வைத்திருந்தது எங்கள் தவறு. இந்த ஆண்டோடு அதை நிறுத்திவிட்டோம்.

நுரையீரலில் கோடிக்கணக்கான குட்டிக் காற்றறைகள் இருக்கின்றன. வளர்ந்த ஒருவருக்கு அவற்றின் பரப்பு மொத்தம் சுமார் 70 சதுர மீட்டர், நம் வகுப்பறைத் தரையைவிடப் பெரிது. காற்றறைச் சுவரும் அதை ஒட்டிய ரத்தக்குழாய்ச் சுவரும் சேர்ந்தே பல இடங்களில் ஒரு மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, கனம்கூட இருக்காது, அதனால்தான் ஆக்சிஜன் சட்டென்று ரத்தத்துக்குள் போகிறது, கார்பன் டை ஆக்சைடு வெளியே வருகிறது. இவ்வளவு மெல்லிய இடம் வெளிக்காற்றுக்குத் திறந்தே கிடந்தால் கிருமியும் வரத்தானே செய்யும்? அதற்குத்தான் வழிநெடுகக் காவல். மூக்கு முடி தூசியைப் பிடிக்கும், சளி கிருமியை ஒட்டவைத்துக்கொள்ளும், மூச்சுக்குழாயில் உள்ள நுண்ணிய மயிரிழைகள் அந்தச் சளியை ஓயாமல் தொண்டைக்குத் தள்ளும், அதையும் தாண்டி வருவதைக் காற்றறையில் இருக்கும் விழுங்கு செல்கள் தின்றுவிடும். அந்த மயிரிழைகளைப் புகை முடக்கிவிடும். பிள்ளை இருக்கும் வீட்டுக்குள் பீடி, சிகரெட் வேண்டவே வேண்டாம்.

புதிய கிருமி என்றால் அதற்கென்று எதிர்ப்பொருள் உருவாக ஒரு வாரம்கூட ஆகலாம். அதுவரை ஓய்வும், கஞ்சியும், நிறையத் தண்ணீரும்தான். சாதாரண சளி வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். ஆனால் மூச்சு வாங்கினாலோ காய்ச்சல் மூன்று நாள் தாண்டினாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்புறம், 10 வயதிலும் 16 வயதிலும் போடும் டிடி தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். ரண ஜன்னியோடு தொண்டை அடைப்பானையும் தடுப்பது அதுதான். கிருமியின் அடையாளத்தை உடம்புக்கு முன்பே காட்டிவைப்பதால், கிருமி உண்மையிலேயே வரும்போது உடம்பு வேகமாக எதிர்க்கும்.

மழை பெய்தாலும் வகுப்பு ஜன்னல்களை முழுதாக மூடமாட்டோம், 40 பேர் விடும் மூச்சு வெளியேற வழி வேண்டும். குளிர் தாங்காத பிள்ளைக்கு ஸ்வெட்டர் கொடுத்தனுப்புங்கள். காய்ச்சல் என்றால் வகுப்பாசிரியருக்கு ஒரு போன் போதும், விடுப்புக் கடிதம் பிறகு கொடுக்கலாம். விட்டுப்போன பாடத்தை நாங்கள் நடத்திக்கொடுக்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்