கடைவீதிக்கு ஆள் கூப்பிடும் முன் ஒரு கழிப்பறை: விளக்குத்தூண் வட்டாரக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
விளக்குத்தூண், பத்துத்தூண் பகுதிச் சிறு ஜவுளிக் கடைக்காரர்கள் மற்றும் கடை ஊழியர்கள்,
மதுரை.

பெறுநர்:
உயர்திரு அதிகாரி அவர்கள்,
நடுநகரத் தொழில் மேம்பாட்டுப் பணிகள்,
மதுரை.

பொருள்: மாசி வீதிகளையும் அவற்றைச் சுற்றியுள்ள கடைவீதிகளையும் தொழில் தொடங்க ஏற்ற இடமாக முன்னிறுத்துவது – அதற்கு முன் விளக்குத்தூண் சுற்றுவட்டாரத்தில் பொதுக் கழிப்பறை அமைத்துத் தரக் கோருவது – தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து நாங்கள் முன்பு அளித்த மனுக்கள், "தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது" என்று கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்திகள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மதுரையின் நடுநகரத்துக்குப் புதிய தொழில்களை வரவழைக்கும் பொறுப்பைத் தாங்கள் ஏற்றிருப்பதில் எங்களுக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. இந்த ஊரில் எது வளர்ந்தாலும் அது வெளியே போய்விடுகிறது என்பது தாங்கள் அறிந்ததே. 1999-ல் வெளியூர் பஸ்கள் மாட்டுத்தாவணிக்குப் போயின. பிற்பாடு காய்கறிச் சந்தையும் போனது. 2004-ல் உயர் நீதிமன்றக் கிளை ஊருக்கு வெளியே அமைந்ததும் பல வழக்கறிஞர்களும் அவர்களை நம்பியிருந்த தட்டச்சுக் கடைகளும் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டனர். மாசி வீதிகளில் மிஞ்சியிருப்பது ஜவுளியும் நகையும் பாத்திரமும் மளிகை மொத்த வியாபாரமும்தான். எனவே "இங்கே வந்து தொழில் செய்யுங்கள்" என்று ஒருவர் சொல்ல முன்வந்தால் அவருக்கு மாலை போட்டு வரவேற்க நாங்கள் தயார்.

ஆலோசனைக் கூட்டத்துக்கு எங்களையும் அழைத்தீர்கள். தொழில் தொடங்குவோரை இங்கே அழைக்க அச்சிடவிருக்கும் கையேட்டின் மாதிரிப் படியையும் கொடுத்தீர்கள். அதை வரி விடாமல் படித்த பிறகுதான் இந்த மனுவை எழுதுகிறோம்.

1. கையேட்டில் உள்ளவை எல்லாம் உண்மை. கல் பதித்த சித்திரை வீதிகள், பல அடுக்கு வாகன நிறுத்தம், புதிதாகக் கட்டிய பெரியார் பஸ் நிலையம், நடந்து போகும் தூரத்தில் ரயில் நிலையம், மேற்கு மாசி வீதியில் 1921-ல் காந்தியடிகள் அரையாடைக்கு மாறிய வீடு. எதையும் நாங்கள் மறுக்கவில்லை. கழிப்பறை என்ற சொல் மட்டும் அதில் எங்கும் இல்லை.

2. கடைகளுக்கு மேலே காலியாகக் கிடக்கும் மாடிகளைச் சிறு அலுவலகங்களாக மாற்றலாம் என்பது தங்கள் திட்டம். நல்ல யோசனை. வாடகை கே.கே. நகரை விடக் குறைவு, மின்சாரம் இருக்கிறது, இணையம் இருக்கிறது. வருகிறவர்கள் மாடி ஏறுகிறார்கள், ஜன்னலைத் திறந்து கோபுரத்தைப் பார்த்துப் பூரித்துப் போகிறார்கள், முன்பணம் எவ்வளவு என்று கேட்கிறார்கள். அடுத்த கேள்வி, "டாய்லெட் எங்கே?" கணக்குத் தணிக்கை அலுவலகம் தொடங்க வந்த ஓர் இளம்பெண் எங்கள் கட்டடத்தில் இதே கேள்வியைக் கேட்டார். கட்டட உரிமையாளர் தெருமுனையைக் காட்டினார். தெருமுனையில் இருப்பது பூட்டு. (அதைப் பற்றி 5-ல் சொல்கிறோம்.) "என்னிடம் ஏழு பெண்கள் வேலை செய்கிறார்கள், அவர்களை எங்கே அனுப்புவேன்?" என்று கேட்டுவிட்டு அவர் இறங்கிப் போய்விட்டார். மாடி இன்னும் காலிதான். இதற்கு முதலீட்டாளர் மாநாடு எதற்கு? ஒரு தண்ணீர்க் குழாய், நான்கு கதவு, ஒரு துப்புரவுப் பணியாளர் போதாதா?

3. எங்கள் கடைகளில் வேலை செய்யும் பெண்களைப் பற்றித் தங்களிடம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். முந்தைய மனுக்களில் "பெண்கள் மிகுந்த சிரமப்படுகிறார்கள்" என்று நாகரிகமாக எழுதினோம். அதனால்தான் யாருக்கும் உறைக்கவில்லை போலும்.

மேலூரிலிருந்தும் திருப்புவனத்திலிருந்தும் சோழவந்தானிலிருந்தும் பஸ் பிடித்து வருகிறார்கள். கடை காலை ஒன்பதரைக்குத் திறந்தால் இரவு ஒன்பதைத் தாண்டித்தான் அடைக்கிறோம். காலையில் வீட்டில் குடித்த அரை டம்ளர் தண்ணீரோடு சரி. மதுரை வெயிலில், மேலே தகரம் போட்ட கடையில், வேண்டுமென்றே தாகத்தோடு நிற்கிறார்கள். பதினொரு மணிக்கு டீ வந்தால் வாங்கி ஓரமாக வைப்பார்கள். பிறகு பார்த்தால் அது ஆடை கட்டிக் கிடக்கும். அவசரம் வந்தால் பக்கத்து ஹோட்டலுக்குப் போய், வேண்டாத காபியைக் காசு கொடுத்து வாங்கி, கல்லாவில் இருப்பவர் முகத்தைப் பார்த்துத் தயங்கி நிற்க வேண்டும். சில நாள் விடுவார், சில நாள் "தண்ணீர் வரவில்லை" என்பார். அவரையும் குறை சொல்ல முடியாது. தெரு முழுவதுக்கும் அவர் ஒருவரா பொறுப்பு?

மாதவிலக்கு நாட்களில் சம்பளம் போனாலும் போகட்டும் என்று விடுப்பு எடுக்கிறார்கள். எடுக்க முடியாதவர்கள் காலையில் வைத்த துணியோடு இரவு வரை நிற்கிறார்கள். ஒருவர் மாற்றி ஒருவருக்குச் சிறுநீர்க் கடுப்பு, காய்ச்சல், கல்லடைப்பு. மருத்துவரிடம் போனால் "நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், அடக்கக் கூடாது" என்று எழுதித் தருகிறார். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வது? எங்கள் கடையில் புடவை மடிக்கும் ஓர் அம்மா சர்க்கரை நோயாளி. அவரால் அடக்க முடிவதில்லை. உள்ளே பேல் கட்டுகளுக்குப் பின்னால் ஒரு வாளியை வைத்துச் சமாளிக்கிறார். இருட்டிய பிறகு அதைத் தூக்கிக்கொண்டு சாக்கடையைத் தேடிப் போகிறார். ஐம்பது வயதைக் கடந்த பெண்மணி, ஐயா. பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். உலகப் புகழ் பெற்ற ஊர் என்று கையேட்டின் அட்டையில் அச்சிட்டிருக்கிறீர்களே, அந்த ஊரின் நடுவில்தான் இது நடக்கிறது.

கோயில் பக்கம் பக்தர்களுக்குக் கழிப்பறை இருக்கிறதே என்று கூட்டத்தில் ஓர் அலுவலர் சொன்னார். இருக்கிறது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் விளக்குத்தூணிலிருந்து அங்கே போய், வரிசையில் நின்று, கூட்டத்தைத் துளைத்துத் திரும்பி வர எவ்வளவு நேரமாகும் என்று அந்த அலுவலர் ஒருமுறை நடந்து பார்க்கட்டும். மூன்று பேர் இருக்கும் கடையில் ஒருவர் அரை மணி நேரம் இல்லையென்றால் வியாபாரமே நின்றுவிடும்.

நடைபாதையில் பூவும் உள்ளாடையும் விற்கும் பெண்களின் நிலை இதைவிட மோசம். சரக்கை விட்டுவிட்டு நகரவும் முடியாது.

4. ஆண்களுக்குச் சுவர் இருக்கிறது. அந்தச் சுவரில் முருகன், வேளாங்கண்ணி மாதா, மசூதிப் படம் என்று மும்மதத்துக்கும் ஓடு பதித்துப் பார்த்தாயிற்று. ஓடு இல்லாத இடமாகப் பார்த்து இரண்டடி தள்ளி நிற்கிறார்கள். பரமக்குடி, அருப்புக்கோட்டை, காரைக்குடியிலிருந்து கொள்முதலுக்கு வரும் சில்லறைக் கடைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சந்துக்குள் நுழைகிறார்கள். முன்பெல்லாம் நாள் முழுக்க இருந்து நான்கு கடை ஏறி இறங்கிச் சரக்கு எடுத்தவர்கள் இப்போது ஒரே கடையில் முடித்துக்கொண்டு மதியமே பஸ் ஏறிவிடுகிறார்கள். கைபேசியிலேயே புடவைப் படத்தை அனுப்பி விற்கும் காலத்தில் நேரில் வருகிறவர்களையும் நாற்றத்தால் விரட்டிவிட்டு, நடுநகர வணிகத்தை எப்படி வளர்ப்பது?

5. தெருமுனைக் கழிப்பறைக்கு வருகிறோம். அது கட்டப்பட்டது உண்மை. திறப்பு விழா நடந்ததும் உண்மை, கல்வெட்டு இருக்கிறது. கொஞ்ச காலம் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒருவர் நடத்தினார். மோட்டார் பழுதானது. ஒப்பந்தம் முடிந்தது என்றார்கள். பூட்டினார்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று நாங்கள் ஏறாத அலுவலகம் இல்லை. சுகாதாரப் பிரிவு பொறியியல் பிரிவைக் காட்டுகிறது. பொறியியல் பிரிவு திட்டப் பிரிவைக் காட்டுகிறது. திட்டம் முடிந்துவிட்டதால் அந்தப் பிரிவே இப்போது இல்லை என்கிறார்கள். சாவியும் அதோடு போய்விட்டதா? கதவின் முன்னால் இப்போது யாரோ பழைய அட்டைப் பெட்டிகளை அடுக்கி வைத்து எடை போட்டு விற்கிறார்கள். எங்கள் மனுவுக்கு வந்த குறுஞ்செய்தியோ "கழிப்பறை பயன்பாட்டில் உள்ளது" என்கிறது.

6. சொல்லப்போகும் பதில்களும் எங்களுக்குத் தெரியும். அவற்றுக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறோம்.

"அந்தந்தக் கடைக்காரரே கட்டிக்கொள்ள வேண்டும்." பெரிய ஜவுளிக்கடைகளில் மாடிக்கு மாடி இருக்கிறது, சரி. எங்கள் கடை எட்டடிக்குப் பத்தடி. ஒரு பழைய வீட்டை ஆறாகப் பிரித்த கட்டடம். பாகப்பிரிவினை வழக்கு நடக்கிறது. எந்த வாரிசும் ஒரு செங்கல் வைக்கச் சம்மதிப்பதில்லை. வைத்தாலும் பாதாளச் சாக்கடை இணைப்புக்கு உரிமையாளர் கையெழுத்து வேண்டும். 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்ற அரசாணையில் கழிப்பறையும் ஓய்வறையும் நிபந்தனையாக இருக்கின்றன. மூன்று பேர் வேலை செய்யும் கடைக்கு யார் நிபந்தனை போடுவது? 2021-ல் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்றார்கள். மகிழ்ச்சியோடு ஸ்டூல் வாங்கிப் போட்டோம். ஸ்டூல் எங்களால் வாங்க முடிந்தது. சாக்கடை இணைப்பைக் கடையிலா வாங்க முடியும்?

"இடம் இல்லை." மக்கள் குடைந்து குடைந்து வாழும் ஊரில் இடமில்லை என்பது பாதி உண்மை. திருமலை நாயக்கர் அரண்மனையின் மிச்சமான பத்துத் தூண்களே கடைகளுக்கு நடுவில் நெருங்கித்தான் நிற்கின்றன. ஆனால் கட்டி முடித்துப் பூட்டிக் கிடக்கும் ஒன்றுக்குப் புதிதாக இடம் தேவையில்லையே, ஐயா. விளம்பரப் பலகை வைக்கவும் தற்படம் எடுக்கும் வளைவு வைக்கவும் மட்டும் இடம் எப்படிக் கிடைக்கிறது?

"நிதி இல்லை." பொலிவுறு நகரத் திட்டத்தில் இந்த ஊர் 2016-ல் சேர்ந்தது. தெருவைத் தோண்டிய தூசியை நாங்கள்தான் ஆண்டுக்கணக்கில் புடவையிலிருந்து தட்டினோம். வியாபாரம் படுத்ததைப் பொறுத்துக்கொண்டோம். அப்போது இருந்த நிதியில் ஒரு கழிப்பறைக்கு மட்டும் வழியில்லாமல் போனதா?

7. சித்திரைத் திருவிழாவுக்கு நடமாடும் கழிப்பறைகள் வருகின்றன. தேர் நிலைக்கு வந்து, அழகர் மலைக்குத் திரும்பியதும் அவையும் போய்விடுகின்றன. நாங்கள் ஆண்டு முழுவதும் இங்கேதான் இருக்கிறோம்.

8. பெண்கள். மறுபடியும் பெண்கள். வேறு எதையும் செய்ய முடியாவிட்டாலும் பெண்களுக்கு மட்டுமாவது.

ஐயா, விளக்குத்தூண் யாருக்காக வைத்தது என்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும். கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, நெருக்கியடித்துக் கிடந்த ஊருக்கு வெளி வீதிகளைத் திறந்துவிட்ட கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக நிற்பது அது. வெள்ளைக்கார அதிகாரிதான். ஆனாலும் ஊர் மூச்சுவிட வழி செய்தார் என்று இன்றைக்கும் அந்த முக்கில் நின்றுதான் நாங்கள் வழி சொல்கிறோம். அவர் இடித்தது ஒரு கோட்டை. நாங்கள் கேட்பது ஒரு பூட்டைத் திறக்கச் சொல்லி.

ஆகவே தாழ்மையுடன் வேண்டுவது:

அ) பூட்டியிருக்கும் கழிப்பறையை மோட்டாரைச் சரிசெய்து உடனே திறக்க வேண்டும். பெண்களுக்குத் தனி வாசல், உள்தாழ்ப்பாள், விளக்கு, நாப்கின் போடத் தொட்டி, பெண் பராமரிப்பாளர் ஆகியவை வேண்டும். காலை எட்டு முதல் கடைசிக் கடை அடைக்கும் வரை திறந்திருக்க வேண்டும். காசு போட்டால் திறக்கும் இரும்புப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போக வேண்டாம். அது காசை விழுங்கும், கதவைத் திறக்காது.

ஆ) பராமரிப்புச் செலவில் ஒரு பங்கை மாதந்தோறும் நாங்கள் தருகிறோம். கூட்டத்திலேயே சொன்னோம், குறிப்பில் அது பதிவாகவில்லை. இப்போது எழுதியே தருகிறோம்.

இ) இது நடக்கும் வரை திருவிழாவுக்கு வரும் நடமாடும் கழிப்பறைகளில் ஒன்றையாவது இங்கே நிறுத்த வேண்டும்.

ஈ) கையேட்டை அச்சுக்குக் கொடுப்பதைச் சற்றுத் தள்ளிப்போட வேண்டும். அதை நம்பி வருகிறவர்கள் மாடி பார்க்க எங்களிடம்தான் வருவார்கள், அந்தக் கேள்வியை எங்களிடம்தான் கேட்பார்கள்.

பார்வையிட வருவதானால் காலை பத்து மணிக்கு வர வேண்டாம். அப்போது தெரு கழுவினாற்போல் இருக்கும். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, ஒரு பெண் அலுவலரையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். ஜீப் உள்ளே வராது, விளக்குத்தூணில் இறங்கி நடக்க வேண்டும். எங்கள் கடைப் பெண்களில் யாரையாவது அவர் தனியாக அழைத்துப் பேசட்டும். எங்கள் முன்னால் அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள்.

மனு முடித்துவைக்கப்பட்டது என்ற குறுஞ்செய்தியை இந்த முறை தயவுசெய்து அனுப்ப வேண்டாம். சாவி எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்பதை மட்டுமாவது ஒரு வரியில் எழுதி அனுப்புங்கள். நாங்களே போய் வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
விளக்குத்தூண், பத்துத்தூண் பகுதிச் சிறு ஜவுளிக் கடைக்காரர்கள் மற்றும் கடை ஊழியர்கள்

இணைப்பு: கையொப்பப் பட்டியல் (பெண் ஊழியர்கள் கையொப்பமிட்ட பக்கம் தனியாக உள்ளது), பூட்டிய கதவின் புகைப்படம்.