வெள்ளைச் செரி வாங்கியவர்களுக்கும் வாங்க இருப்பவர்களுக்கும்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

தைஹாகு என்ற வெள்ளைப் பூச் செரிக் கன்றுகள் பண்ணைக்கு வந்துவிட்டன. முன்பணம் கட்டியவர்கள் இந்தச் சனி, ஞாயிறில் வந்து எடுத்துக்கொள்ளலாம். உங்கள் கையில் கிடைப்பது இலையில்லாத ஒரு குச்சியும், ஈரச் சாக்கில் சுற்றிய வேரும்தான். பட்டுப்போன மரம் என்று பயந்துவிடாதீர்கள், அது உறங்குகிறது. மண் உறையாத நாளாகப் பார்த்து, மார்ச்சுக்குள் நட்டுவிடுங்கள். அதுவரை வேர் காயக்கூடாது.

போன கோடையில் ஒரு வாடிக்கையாளர் வீட்டுக்குப் போயிருந்தேன். நட்டு இரண்டு வருடமான மரம், ஜூன் மாதத்திலேயே இலை சுருண்டு நின்றது. அடிமண்ணை விலக்கிப் பார்த்தால், ஒட்டுப் போட்ட புடைப்பு, அதாவது தைஹாகு கொம்பை வேறொரு செரியின் வேரோடு இணைத்த இடம், ஒரு சாண் ஆழத்தில் கிடந்தது. பட்டையை நகத்தால் கீறினேன். ஊறிய அட்டை போலக் கையோடு வந்தது. காற்றில் சாயாமல் இருக்கட்டும் என்று பாசத்தோடுதான் ஆழமாக நட்டிருக்கிறார். விற்றபோதே நாங்கள் விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

லண்டன் களிமண்ணில் குழி ஆழமானால் மாரி முழுக்கத் தண்ணீர் தேங்கும். செரியின் வேர் மேலாகப் படருவது, மூச்சு முட்டிவிடும். ஆகவே குழியை அகலமாக வெட்டுங்கள், ஆழம் வேர் அளவுக்குப் போதும். ஒட்டுப் புடைப்பு மண்ணுக்கு மேலே கண்ணுக்குத் தெரிய வேண்டும். சாயாமல் இருக்க ஒரு முளை அடித்துத் தளர்வாகக் கட்டினால் சரி. புடைப்புக்குக் கீழிருந்து வரும் துளிர் தாங்குமரத்தினுடையது, அதாவது வேராக இருக்கும் அந்த வேறு செரியினுடையது. அதைக் கையால் பிய்த்துவிடுங்கள்.

அந்தப் புடைப்புக்கு ஒரு கதை உண்டு. 1923இல் காலிங்வுட் இங்க்ராம் என்ற ஆங்கிலேயர், சசெக்ஸில் ஒரு தோட்டத்தில் நலிந்து நின்ற வெள்ளைச் செரியைக் கண்டு, கொம்பு வாங்கிவந்து ஒட்டுக் கட்டினார். 1926இல் ஜப்பான் போனபோது, அங்கே அழிந்துபோன ஒரு செரியின் பழைய ஓவியத்தைக் காட்டினார்கள். பார்த்ததுமே தன் தோட்டத்து மரம் என்று அடையாளம் கண்டுகொண்டார். பிறகு கொம்புகளை அனுப்பினார், வழியிலேயே செத்தன. கடைசியில் உருளைக்கிழங்கில் குத்தி, சைபீரிய ரயில் வழியாக அனுப்பியவைதான் பிழைத்தன. 1932இல் மரம் தன் ஊர் திரும்பியது. இன்று நாங்கள் உங்களிடம் தரும் கன்றும் அந்த ஒற்றை மரத்தின் கொம்புதான். ஒட்டுக் கட்டுகிற ஒவ்வொரு முறையும் எனக்கு இது நினைவுக்கு வரும்.

அப்புறம், கவாத்து. மற்ற மரங்களைப் போல இதை மாரியில் வெட்டாதீர்கள். ஈரக் குளிரில் வெட்டுக்காயம் ஆறாது, அதன் வழியே வெள்ளி இலை நோய்ப் பூஞ்சணம் புகுந்துவிடும். இலையில் ஈயம் பூசியது போல ஒரு பளபளப்பு தெரியும், பிறகு கிளை கிளையாகச் சாகும். வெட்டியே ஆக வேண்டுமென்றால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, காய்ந்த நாளில் வெட்டுங்கள். சும்மா விட்டால் இன்னும் நல்லது.

முதல் இரண்டு கோடைக்கும் மழை இல்லாத வாரங்களில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். பழம் கிடைக்குமா என்று பலர் கேட்கிறீர்கள். கிடைக்காது. இது பூவுக்கான மரம். ஏப்ரலில் செம்புநிறத் தளிருக்கு நடுவே, உள்ளங்கையை நிரப்பும் அளவுக்கு வெள்ளைப் பூ விரியும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறோம். இந்த மரம் எட்டு மீட்டர் உயரமும் ஏறத்தாழ அதே அகலமும் போகும். வரிசை வீட்டின் சின்னப் பின்வளவுக்கு இதைக் கேட்டால் நாங்கள் தர மாட்டோம். அகலம் குறைந்த இடத்துக்கு உமினெகோ என்ற செரி வகை இருக்கிறது. வெள்ளைப் பூதான், ஒடுங்கி நிமிர்ந்து வளரும். தொட்டியில் வைக்க கோஜோ நோ மாய் என்ற குட்டைச் செரி போதும், ஆளுயரத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

வரும்போது நடப்போகும் இடத்தின் படம் ஒன்றைக் கைபேசியில் எடுத்து வாருங்கள். வேரைச் சுற்ற ஒரு பழைய சாக்கும் கொண்டு வந்தால் நல்லது.

அன்புடன்,
உங்கள் நாற்றுப்பண்ணையார்