ராஜா பக்கம் நின்றவர்கள்

அன்புள்ள மூர்த்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு மருத்துவத்தில் இடம் கிடைத்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். நான் ஹாலிஃபாக்ஸில் மகள் வீட்டில்தான் இருக்கிறேன். மே மாதம் பிறந்தும் ஸ்வெட்டரைக் கழற்ற முடியவில்லை. முழங்கால் பரவாயில்லை.

அமெரிக்கச் சுதந்திரப் போரில் இங்கிலாந்து ராஜா பக்கம் நின்றவர்கள் நம்மூர் ராவ் பகதூர்கள் மாதிரிதானே என்று கேட்டிருந்தாய். கவர்னர்கள், சுங்க அதிகாரிகள், பெரு வணிகர்கள் விஷயத்தில் சரிதான். ஆனால் போர் முடிந்து 1783 வாக்கில் நாட்டை விட்டுப் போனவர்கள் மட்டும் சுமார் 60,000 பேர். அத்தனை பேருக்குமா பதவி இருந்திருக்கும்? அதில் பெரும்பகுதி வந்து இறங்கியது கனடாவில் நான் இருக்கும் இந்த நோவா ஸ்கோஷியாவில்தான். அதனால் இங்கே வந்ததிலிருந்து இதையே படித்துக்கொண்டிருக்கிறேன்.

படிக்கப் படிக்க எனக்குத் தோன்றுவது, ராஜாமேல் இருந்த பாசத்தைவிடப் பக்கத்தில் இருந்தவன்மேல் இருந்த பயமும் கோபமும்தான் பலரை அந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது. நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றங்கரைப் பண்ணையார் லிவிங்ஸ்டன் குடும்பம் புரட்சிப் பக்கம். அவர்களுடைய குத்தகைக்காரர்களில் பலர் ராஜா பக்கம் சாய்ந்துவிட்டார்கள். ஜார்ஜியாவில் தாமஸ் பிரவுன் என்ற இளைஞர், இங்கிலாந்திலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இங்கிலாந்துச் சரக்குகளைப் புறக்கணிக்கும் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட மறுத்ததற்காக 1775 ஆகஸ்டில் ஒரு கூட்டம் அவரை அடித்து, காலில் தார் பூசித் தீ வைத்தது. சில கால்விரல்கள் போயின. அதன்பிறகு அவர் படை திரட்டிக்கொண்டு போர் முடியும்வரை விடாமல் சண்டை போட்டார்.

ஃப்ளோரா மெக்டொனால்டு கதை உனக்குப் பிடிக்கும். 1746இல் ஸ்காட்லாந்துக் கலகம் தோற்றபோது, தப்பி ஓடிய இளவரசர் சார்லஸுக்குப் பெண் வேடம் போட்டுப் படகில் கூட்டிப்போன அதே பெண்மணிதான். பிறகு குடும்பத்தோடு வட கரோலினாவில் குடியேறினார். 1776இல் அவர் கணவர் ராஜாவுக்காகப் போரிட்டுச் சிறைப்பட்டார். ராஜாவை எதிர்த்துத் தோற்றால் என்ன நடக்கும் என்று கண்ணால் பார்த்தவர்கள் அந்தப் பக்கத்து ஸ்காட்லாந்துக்காரர்கள். இதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

புரட்சித் தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் மகன் வில்லியம் பற்றி உனக்குத் தெரிந்திருக்கும். பட்டம் விட்டு மின்னலைச் சோதித்தபோது கூடவே இருந்தவர். நியூ ஜெர்சி கவர்னராக ராஜா பக்கமே நின்று சிறைக்குப் போனார். அப்பா கடைசிவரை மன்னிக்கவில்லை, உயிலிலும் ஏறக்குறைய ஒன்றுமே எழுதி வைக்கவில்லை.

என் மனதை விட்டுப் போகாத ஆள் ஹாரி வாஷிங்டன். ஜார்ஜ் வாஷிங்டனின் அடிமை, ஆப்பிரிக்காவில் பிறந்தவர். புரட்சிக்காரர்களின் அடிமைகள் ராஜாவின் படையில் சேர்ந்தால் விடுதலை என்று வர்ஜீனியா கவர்னர் டன்மோர் 1775 நவம்பரில் அறிவித்தார். கருணை ஒன்றும் கிடையாது. டன்மோரே அடிமைகள் வைத்திருந்தவர், ராஜாவுக்கு விசுவாசமான முதலாளிகளின் அடிமைகளுக்கு இந்தச் சலுகையும் இல்லை. ஆனாலும் ஹாரி ஓடிவந்து சேர்ந்துகொண்டார். எஜமான் சுதந்திரத்துக்காகப் படை நடத்த, அடிமை சுதந்திரத்துக்காக எதிர்ப்படைக்குப் போகிறார்! 1783இல் ஓடிப்போன அடிமைகளைத் திருப்பித் தரும்படி வாஷிங்டன் நேரிலேயே கேட்டார். ஆங்கிலேயத் தளபதி கார்ல்டன் மறுத்துவிட்டார்.

அப்படி இங்கே கப்பலேறி வந்த சுமார் 3,000 கறுப்பர்களில் ஹாரியும் ஒருவர். அவரும் இன்னும் பலரும் ஷெல்பர்ன் பக்கத்தில் பர்ச்டவுன் என்ற இடத்தில் குடியேறினார்கள். மகளும் மாப்பிள்ளையும் என்னை அங்கே கூட்டிப்போனார்கள். ஒரே பாறைக்காடு. உழுது பிழைக்கிற நிலமே இல்லை. போதாததற்கு 1784இல், இவர்கள் குறைந்த கூலிக்கு வேலை செய்கிறார்கள் என்று, ராஜா பக்கம் நின்ற வெள்ளைக்காரர்களே இவர்கள் வீடுகளை இடித்துத் தள்ளினார்கள்.

1792இல் ஏறக்குறைய 1,200 பேர் மறுபடி கப்பலேறி சியரா லியோனுக்குப் போனார்கள், ஹாரியும்தான். அங்கே குடியேற்றத்தை நடத்திய சியரா லியோன் கம்பெனி நிலவரி கேட்டது. 1800இல் எதிர்த்துக் கிளம்பியவர்களில் அவரும் ஒருவர், ஊரை விட்டு அனுப்பிவிட்டார்கள். இவரை ராஜவிசுவாசி என்பதா, கலகக்காரர் என்பதா? நீயே சொல்.

அப்புறம், உன் கண் ஆபரேஷனுக்குத் தேதி முடிவானால் உடனே எழுது. ஆகஸ்டில் ஊருக்கு வந்துவிடுவேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராமு