கொப்பியைத் திருப்பித் தாருங்கள், ஐயா

பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். நான் யார் என்று உங்களுக்குத் தெரியும். மாசி மாதத்திலிருந்து ஆறு தடவை உங்கள் வாசல் வாங்கில் குந்தியிருக்கிறேன். என்ன விடயம் என்பதும் தெரியும். அதனால் முதலிலிருந்து தொடங்கவில்லை. என் பட்டறையிலிருந்து அன்றிரவு ஏற்றிப்போன சாமான்களில் நாங்கள் கட்டிய சின்ன ஜெட் எஞ்சினை வேண்டுமானால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கொப்பியை மட்டும் தாருங்கள்.

எஞ்சின் போனது கவலைதான், ஆனால் அது பழைய இரும்புக் கடையில் நிறுத்து வாங்கிய லொறி டேர்போ, லொறி எஞ்சினுக்குக் காற்றை அமுக்கி ஊதுகிற சாமான். எண்ணெய் அடிக்கிற பம்ப் ஒரு காரின் பவர் ஸ்டியரிங்கில் கழற்றியது. வெளிக்கூடு வெறும் காஸ் சிலிண்டர். இன்னொரு டேர்போ அகப்பட்டால் இரண்டு மாதத்தில் திரும்பக் கட்டிவிடுவோம். கொப்பியைக் கட்ட முடியாது. அது இரண்டரை வருடம்.

அது ஒரு சீ.ஆர். கொப்பி, தடித்த அட்டை போட்ட குறிப்பேடு. நீல அட்டை. அட்டையில் பொடியன்கள் 'ஜெட்' என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டார்கள். அது எங்கள் பிழை, ஒத்துக்கொள்கிறேன். வன்னியில் அந்தச் சொல்லை அட்டையில் எழுதினால் என்ன ஆகும் என்று ஐம்பத்தெட்டு வயதான எனக்காவது புத்தி வந்திருக்க வேண்டும். 'சுழலி' என்று எழுதியிருந்தால் ஏதோ மாவரைக்கிற மெசின் என்று விட்டிருப்பீர்கள்.

ஆனால் உள்ளே இருப்பது கணக்கு, ஐயா. விசாரணையில் ஓர் அதிகாரி 57 என்ற எண்ணின் கீழே சிவப்புப் பேனையால் இரண்டு கோடு போட்டு, இது என்ன என்று மூன்று தரம் கேட்டார். அது ஓட்டைகளின் எண்ணிக்கை. டேர்போ காற்றை இழுக்கும் வாயின் விட்டம் 54 மில்லிமீற்றர். தீ எரியும் குழாயை நாங்கள் தீக்குழல் என்போம். அதன் விட்டம் வாயைப்போல் இரண்டு மடங்கு, நீளம் ஆறு மடங்கு. வீட்டில் எஞ்சின் கட்டுகிறவர்கள் பலரும் பிடிக்கிற கணக்கு இது. அப்படியென்றால் 108, 324. தீக்குழலில் போடும் ஓட்டைகளின் மொத்தப் பரப்பு வாயின் பரப்புக்குச் சமமாக வர வேண்டும். அதில் 30 வீதம் தீ பிடிக்கிற இடத்துக்கு, 20 வீதம் நடுவுக்கு, 50 வீதம் சூட்டைத் தணிக்க வால்பக்கத்துக்கு. 5 மில்லிமீற்றரில் 35, 7இல் 12, 12இல் 10. கூட்டிப் பாருங்கள். 57 என்றால் இந்த மண்ணில் போர்க்காலத்து இராணுவத்தின் 57ஆம் படைப்பிரிவின் நினைவு வரும் என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் அதை நாங்கள் தெரிவு செய்யவில்லை. லொறிக் கொம்பனி தெரிவு செய்த 54 அது.

மிச்சப் பக்கங்களில் இருப்பது பெரும்பாலும் நாங்கள் விட்ட பிழைகள். டேர்போவின் தண்டு எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்துகொண்டுதான் சுற்றும். நிமிடத்துக்கு 80,000 சுற்றுத் தாண்டும்போது எண்ணெய் ஒரு கணம் விட்டாலும் கதை முடிந்தது. முதல் டேர்போ எங்களுக்கு அப்படித்தான் போனது. பக்கம் 41 என்று நினைக்கிறேன், என் அக்காவின் மகன் எழுதியது: 'எண்ணெய் அமுக்கம் விழுந்தது. தண்டு பிடித்துவிட்டது. பிழை என்னுடையது.' அதற்குக் கீழே பெட்டி போட்டு: 'அமுக்கம் 2 பாருக்குக் கீழே போனால் நிறுத்து. வால் வெப்பம் 700 பாகை தாண்டினால் எரிபொருளை மூடு. நின்ற பிறகும் எண்ணெயை ஓடவிடு.' மன்னாரிலிருந்து ஒரு பொடியன் பஸ் ஏறி வந்து, பட்டறைத் திண்ணையில் இரண்டு நாள் இருந்து, இந்தப் பக்கங்களைக் கையால் பார்த்தெழுதிக்கொண்டு போனான். ஆங்கிலத்தில் இதெல்லாம் கொட்டிக் கிடக்கிறது. தமிழில் எங்களுக்குத் தெரிந்து அந்த ஒரு கொப்பிதான்.

படம் எடுத்து வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பாதிப் பக்கம் கைபேசியில் இருந்தது. கைபேசியை மூன்றாம் கிழமை திருப்பித் தந்தீர்கள், நன்றி. உள்ளே ஒன்றுமே இருக்கவில்லை.

வழக்கு இல்லை. பொருட்களை எடுத்ததற்குத் துண்டும் இல்லை. கேட்கும்போதெல்லாம் வரும் பதில் ஒன்றுதான்: கொப்பி தமிழில் இருக்கிறது, மொழிபெயர்க்கக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். ஐயா, 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தில் தமிழும் அரச கரும மொழி ஆனது. நீங்கள் இருப்பது வன்னியில். உங்கள் வாசலில் தேங்காய் விற்கிற அம்மாவால் வாசிக்கக்கூடிய மொழியை வாசிக்க 300 கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டியிருக்கிறது. என் வாக்குமூலத்தை மட்டும் சிங்களத்தில் எழுதி, ஒரு சொல்லும் விளங்காத என்னிடம் அங்கேயே கையெழுத்து வாங்க ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. இந்த மடலையும் கொழும்புக்கு அனுப்புவீர்களோ தெரியாது. அனுப்பினால் கொப்பியோடு சேர்த்தே அனுப்புங்கள், தபால் செலவு மிச்சம்.

அனுப்பவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆறாவது தடவை வந்தபோது கொப்பியைக் கண்டேன். உள் மேசையில், கோப்புகளுக்கு மேலே. நீல அட்டையில் தேநீர்க் கோப்பை வைத்த வட்டம், ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று. எட்டிப் பிடித்தால் கைக்கு வரும். பேசாமல் எழும்பி வந்துவிட்டேன்.

சரி, சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், முறைப்பாடு அதிலிருந்துதான் தொடங்கியது. வயலுக்கு மருந்தடிக்கிற புளோவரால் காற்றை ஊதி, பிளக்கில் பொறி விட்டு, காஸைத் திறந்தோம். எஞ்சின் தானாக மூச்செடுக்கத் தொடங்கியதும் ஒரு கூவல் வரும், மெதுவாக ஏறும். அன்று 40 செக்கன் ஓடியது. நிறுத்திவிட்டுத் துள்ளிக்கொண்டு வெளியே வந்தால், பக்கத்து வளவு ஆச்சி மாமரத்தடியில் குப்புறப் படுத்திருக்கிறா. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு. அந்தக் கூவல் யாருக்கு என்ன சத்தம் என்று எங்களுக்கு அதற்குப் பிறகுதான் உறைத்தது. நாங்கள் நாலு பேரும் போய் ஆச்சியின் காலடியில் இருந்தோம். அவ மண்ணைத் தட்டிவிட்டு, "இனிச் செய்யேக்க முதலே சொல்லுங்கோ, நான் தங்கச்சி வீட்ட போறன்" என்றா. அவ்வளவுதான். ஆச்சி முறைப்பாடு செய்யவில்லை. செய்தவர் யாராக இருந்தாலும் அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஆனால் அந்தச் சாமான் பறக்காது. இரும்புச் சட்டத்தில் இறுக்கியிருக்கிறது, தூக்க நாலு பேர் வேண்டும். உங்கள் ஆட்கள் ஐந்து பேர் தூக்கினார்கள், ஒருவருக்குக் கால் நசிந்தது. ஜெர்மனியில் குர்ட் ஷ்ரெக்லிங் என்பவர் இப்படியொரு எஞ்சினில் காற்றை அமுக்குகிற சில்லைப் பலகையால், ஒட்டுப்பலகையால், செய்து ஓட்டிக் காட்டினார். பிரித்தானியாவில் இப்படிக் கட்டுகிறவர்களுக்குச் சங்கமே இருக்கிறது. அங்கேயும் அதிகாரிகள் எல்லாம் கெட்டிக்காரர்களாக இருந்துவிடவில்லை. அங்கே ஜெட் எஞ்சினை உருவாக்கிய பிராங் விட்டில் அதற்கு 1930இல் எடுத்த காப்புரிமையைப் புதுப்பிக்க 5 பவுண் வேண்டியிருந்தது. அவரிடம் இல்லை, விமான அமைச்சு கட்டமாட்டேன் என்றது, 1935இல் அது காலாவதியாகிப் போனது. இரண்டு வருடம் கழித்து அவருடைய எஞ்சின் ஓடியபோது, உள்ளே தேங்கிய எரிபொருளால், மூடிய பிறகும் வேகம் ஏறியது. சுற்றி நின்றவர்கள் ஓடிவிட்டார்கள். அதை வாசித்த பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாறுமுன் எங்கள் எஞ்சினின் அடியில் ஒரு வடிகால் துவாரம் வைத்தோம். அதன் அளவும் இடமும் எங்கே இருக்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை.

பொருளாதாரத் தடைக் காலத்தில் இந்த ஊர் எம்.டி. 90 மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டியது. ஸ்டார்ட் எடுக்க மட்டும் நாலு துளி பெற்றோல். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோம். அப்போது யாரும் எங்களைப் புத்தாக்குநர் என்று கூப்பிடவில்லை. இப்போது கூட்டத்துக்குக் கூட்டம் 'இளைஞர் புத்தாக்கம்' என்று பனர் கட்டுகிறார்கள், குத்துவிளக்கு ஏற்றுகிறார்கள். அந்த இளைஞர்களில் மூன்று பேரின் கையெழுத்து உங்கள் மேசையில் தேநீர்க் கோப்பைக்குக் கீழே கிடக்கிறது. ஒருவன் கனடா போக அலுவல் பார்க்கிறான். நான் அவனை மறிக்கவில்லை, என்ன சொல்லி மறிக்க?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான். கொப்பி. அதைத் தந்த பிறகு, குடிமனை இல்லாத வெளி எங்காவது, மாதத்தில் ஒரு பகல், உங்கள் ஆள் ஒருவரை நிறுத்தியே ஓட்டிப் பார்க்க விட்டால் நல்லது. முடியாதென்றால் முடியாது என்று எழுத்தில் தாருங்கள், தமிழில்.

வரும் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன். அடையாள அட்டை கொண்டுவருவேன். தமிழும் சிங்களமும் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் கூட வருவார். விரும்பினால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அவர் உங்களுக்கு இருந்து வாசித்துச் சொல்வார், காசு வேண்டாம் என்கிறார்.

அதுவரைக்கும் தயவுசெய்து கோப்பையை வேறெங்காவது வையுங்கள். உள்ளே பாதி பென்சிலால் எழுதியது.

இப்படிக்கு,
லேத் பட்டறைக்காரன்
வன்னி