சுண்டுவிரல் நீளப் பாலைவனம்

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. நடுவில் விடைத்தாள் கட்டு வந்து விழுந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. முட்டிவலி குறைந்துவிட்டது என்று மாடிப்படி ஏறிவிடாதே, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்.

பல்லுயிர்த் தொகுதிகள் பாடத்துக்கு (பாலைவனம், மழைக்காடு என்று தட்பவெப்பத்தையும் உயிர்களையும் வைத்து நிலத்தைப் பிரிப்பது) வருடாவருடம் செருப்பு டப்பாவில் மாதிரி செய்யச் சொல்வேன் அல்லவா? மணலைக் கொட்டி ஒட்டகத்தை நிறுத்தினால் பாலைவனம், பஞ்சை ஒட்டினால் துருவம். பார்க்க அழகுதான். (பாதிக்கு மேல் வீட்டுப் பெரியவர்களின் கைவண்ணம்.) ஆனால் அவற்றைப் பார்த்து ஒரு பிள்ளைகூடக் கேள்வி கேட்டதில்லை.

இந்த முறை காகித நாடா வெட்டினோம். ஒரு வருடத்து மழை எவ்வளவோ அவ்வளவு நீளம். பாலைவனத்துக்கு 250 மில்லிமீட்டர்கூட இல்லை, பையில் இருக்கும் அடிக்கோலைவிடக் குட்டை. மழைக்காட்டுக்கு 2000 மில்லிமீட்டர். ஒட்டுவதற்கு நான் நாற்காலியில் ஏற வேண்டியதாயிற்று. துருவத்தை ஒட்டிய மரமில்லாத குளிர்நிலமான தூந்திராவை ஒட்டும்போதுதான் ஒருத்தி கேட்டாள்: "மிஸ், இதுவும் பாலைவனமும் ஒரே உயரம். அப்புறம் எப்படிக் கோடையில் அங்கே சதுப்பாக இருக்கு?"

வாய்வரை வந்த பதிலை விழுங்கிக்கொண்டேன். அடியில் ஓட்டை போட்ட இரண்டு டப்பாக்களில் ஈரமண் நிரப்பி, ஒன்றை ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வைத்தோம். மறுநாள் இரண்டிலும் ஒவ்வொரு தம்ளர் தண்ணீர் ஊற்றினார்கள். ஒன்றில் சொட்டுச் சொட்டாக அடியில் இறங்கியது. உறைந்த மண்ணில் குளமாக நின்றது. அங்கே அடிமண் வருடம் முழுக்க இப்படித்தான் உறைந்து கிடக்கும் என்றேன். பிறகு ஈரத்துணி ஒன்றை வெயிலிலும் ஒன்றை நிழலிலும் போட்டோம். வெயிலில் போட்டது முதலில் காய்ந்ததும் அவளே சொன்னாள்: "அப்போ மழையை மட்டும் அளந்தா போதாது மிஸ், சூட்டையும் அளக்கணும்." இதைத்தான் நான் இத்தனை வருடமாகக் கரும்பலகையில் எழுதிப்போட்டுக்கொண்டிருந்தேன்!

நிலத்தோற்றங்களுக்கு மணல் தட்டில் ஆறு விட்டோம். முதல் நாள் ஒரு குவளைத் தண்ணீரை மொத்தமாகக் கவிழ்த்து வகுப்பெல்லாம் சேறு. சரி என்று மறுநாள் பாட்டிலில் ஊசித்துளை போட்டோம். மெல்லிய ஓட்டம் வளைந்து வளைந்து வந்து, கீழே தேங்கிய நீரைத் தொட்டதும் வேகம் தளர்ந்து, சுமந்து வந்த மணலை விசிறியாக இறக்கியது. டெல்டா என்ற பெயரை அதற்கப்புறம்தான் சொன்னேன்.

அண்டார்க்டிகாவும் பாலைவனம்தான் என்பதை ஒரு பையன் நம்பவே இல்லை. அதன் நடுப்பகுதியில் விழும் பனியைத் தண்ணீராக்கிப் பார்த்தால் வருடத்துக்குச் சுமார் 50 மில்லிமீட்டர்தான் என்று சொல்லி, நீயே வெட்டு என்றேன். அவன் சுண்டுவிரல் நீளம்தான் வந்தது. சுவரில் ஒட்டாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அன்புடன்,
தேவி